காந்த ஆடியும் நடுநிலைக் கற்றையும்



சூரியனின் அகத்தே ஓயாது நிகழும் அணுக்கரு இணைவைப் பூமியிலும் நிகழ்த்திக் காட்டி, அதன் சக்தியைக் கொண்டு மின்சாரம் ஆக்கவேண்டும் என்ற ஆசை விஞ்ஞான உலகில் தோன்றி முக்கால் நூற்றாண்டு ஆகிறது. அந்த ஆசையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு கேள்வியையே எழுப்புகிறார்கள். எந்தப் பாத்திரமும் தாங்காத அந்த உஷ்ணத்தை எதற்குள் அடைத்து வைப்பது? நல்ல கேள்விதான். ஆனால் அதற்குச் சற்றும் இளைக்காத இன்னொரு கேள்வி இருக்கிறது. அடைத்த இடத்துக்குள் அவ்வளவு உஷ்ணத்தை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? உள்ளே இருப்பது வெளியே போகாதபடி காவல் வைத்த இடத்துக்குள், வெளியே இருப்பதை எந்த வழியாகச் செலுத்துவது? காந்த ஆடி என்னும் யந்திரத்தில் இக்கேள்விக்குக் கிடைத்த விடையாகிய நடுநிலை அணுக் கற்றையே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். மற்ற இணைவு யந்திரங்களில் இந்தக் கற்றை உஷ்ணமூட்டும் உபகரணங்களில் ஒன்று. காந்த ஆடியிலோ அதுவே எரிபொருள், அதுவே உஷ்ணம், பிற்காலத்தில் அதுவே காவலும் ஆயிற்று. இத்தனை பணி செய்த கற்றையைத் தடுத்து நிறுத்தியது எது? அயனிகளின் குறை அன்று. குளிர்ந்து கிடந்த எலெக்ட்ரான்களே. இந்த ஒரு நூலைப் பற்றிக்கொண்டே இன்று நாம் செல்லப்போகிறோம்.

ஹைட்ரஜனின் சகோதரர்களான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணைந்தால் சக்தி பிறக்கும். ஆனால் அவற்றின் கருக்கள் இரண்டும் நேர்மின் உடையவை, ஒன்றையொன்று விலக்குபவை. அந்த விலக்கத்தை வென்று நெருங்கவேண்டுமானால் அவை ஓடும் வேகம் அசாதாரணமானதாக இருக்கவேண்டும். இத்துறையில் உஷ்ணத்தை எலெக்ட்ரான் வோல்ட்டில் அளப்பது வழக்கம். ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட், அதாவது ஒரு கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்பது ஏறக்குறைய ஒரு கோடியே பதினாறு லட்சம் டிகிரிக்குச் சமம். இணைவுக்கு வேண்டியது பத்து கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டும் அதற்கு மேலும். அந்த நிலையில் அணுக்கள் அணுக்களாக இரா. அயனிகளாகவும் எலெக்ட்ரான்களாகவும் பிரிந்து பிளாஸ்மாவாகிவிடும்.

மின்னேற்றம் பெற்ற துகளைக் காந்தப் புலம் கட்டுப்படுத்தும். காந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றித் திருகு வழியில் துகள் முன்னேறும். புலம் ஒரே அளவாக இருக்கும்வரை அது தடையின்றி முன்னே போய்க்கொண்டிருக்கும். இரு முனைகளிலும் புலத்தை வலுப்படுத்தினால் என்ன நிகழும்? வலுவான பகுதியை நெருங்க நெருங்கச் சுற்றும் வேகம் கூடும். மொத்தச் சக்தி மாறாதாகையால் முன்னேறும் வேகம் குறையும். குறைந்து குறைந்து ஓரிடத்தில் முற்றும் நின்று, துகள் வந்த வழியே திரும்பும். இதுவே காந்த ஆடி. இது மனிதன் படைத்த அதிசயம் என்று எண்ணவேண்டாம். நம் பூமியே ஒரு காந்த ஆடி! பூமியின் காந்தப் புலத்தில் சிக்கி, வட துருவப் பக்கத்துக்கும் தென் துருவப் பக்கத்துக்கும் இடையே ஓயாமல் போய் வரும் துகள்களின் வளையங்களை 1958-இல் செயற்கைக் கோள்களில் வைத்த கருவிகள் கண்டன. வான் ஆலன் வளையங்கள் என்பவை அவையே. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ருஷ்யாவில் புட்கரும் அமெரிக்காவில் ரிச்சர்ட் போஸ்டும், ஒருவரையொருவர் அறியாமல், இதே தத்துவத்தை இணைவு யந்திரத்துக்குப் பிரயோகிக்கலாம் என்று கண்டிருந்தார்கள்.

ஆனால் எல்லாத் துகள்களும் திரும்புவதில்லை. காந்தக் கோட்டின் திசையிலேயே நேராக ஓடும் துகளுக்குச் சுற்று வேகம் சொற்பம். அது முனையைக் கடந்து போய்விடும். முனையில் உள்ள புலம் நடுவில் உள்ளதைப் போல் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கோட்டுக்கு 45 பாகைக்கு உட்பட்ட சாய்வில் ஓடும் துகள் அனைத்தும் தப்பும்; எத்திசையிலும் சமமாக ஓடும் நூறு துகள்களில் இருபத்தொன்பது உடனே போய்விடும். தப்பும் திசைகளின் இத்தொகுதிக்கு இழப்புக் கூம்பு என்று பெயர். 45 பாகை, இரண்டு மடங்கு என்ற இந்தக் கணக்கை மனத்தில் வைத்திருங்கள். சற்று நேரத்தில் ருஷ்யாவில் அதை மீண்டும் சந்திப்போம்.

இனி, உஷ்ணத்தை உள்ளே சேர்ப்பது எப்படி? டோக்கமாக் என்னும் வளைய யந்திரத்தில் பிளாஸ்மாவின் வழியே பெரும் மின்னோட்டம் பாய்கிறது. அதன் தடையினால் ஓரளவு சூடு தானே பிறக்கிறது. நேரான குழாய் போன்ற காந்த ஆடியில் அத்தகைய ஓட்டத்துக்கு இடமில்லை. அப்படியானால் வேகமான அயனிகளை வெளியிலிருந்து எய்யலாமே என்று தோன்றும். எய்தால் என்ன ஆகும்? உள்ளே உள்ள அயனியை வெளியே விடாத காந்தப் புலம், வெளியே உள்ள அயனியை உள்ளே விடுமா? வளைத்துத் திருப்பி அனுப்பிவிடும்!

ஆகவே உள்ளே நுழையும்போது ஒன்றாகவும், நுழைந்தபின் வேறொன்றாகவும் இருக்கத்தக்க பொருள் வேண்டும். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிச் சாலையில் 1957-இல் அமைத்த டி.சி.எக்ஸ். என்னும் யந்திரத்தில், இரண்டு அணுக்கள் கொண்ட மூலக்கூறு அயனிகளை உள்ளே செலுத்தி, அங்கே கரி மின்வில்லினால் அவற்றை உடைத்தார்கள். உடைந்த துண்டின் வழி மாறுவதால் அது சிக்கிக்கொண்டது. அதைவிட எளிய வழி, மின்னேற்றமே இல்லாத அணுவை அனுப்புவது. மின்னேற்றம் இல்லாததைக் காந்தம் தீண்டாது. எவ்வளவு வலிய புலமாயினும் நடுநிலை அணு அதை நேர்கோட்டில் கடந்து செல்லும்.

ஆயினும் மின்னேற்றம் இல்லாத அணுவை மின்சாரத்தால் வேகப்படுத்த முடியாதே! இங்கேதான் இந்த உபாயத்தின் அழகு இருக்கிறது. முதலில் ஒரு சிறு அறையில் டியூட்டீரியம் வாயுவில் மின்வில் எழுப்பி அயனிகளை உண்டாக்குகிறார்கள். உயர்மின் அழுத்தம் கொடுத்த வலைத்தகடுகளின் துளைகள் வழியே அந்த அயனிகள் இழுக்கப்பட்டு வேகம் பெறுகின்றன. 20 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் சக்தி பெற்ற டியூட்டீரிய அயனியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். இவ்வேகத்தோடு அது மெல்லிய வாயு நிரம்பிய ஓர் அறையைக் கடக்கிறது. கடக்கையில், நின்ற நிலையில் உள்ள வாயுவினிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. மின்னேற்றம் போயிற்று, வேகம் போகவில்லை. எலெக்ட்ரானை இழந்த வாயுத் துகள் மந்த அயனியாகப் பின்தங்குகிறது. எலெக்ட்ரான் கிடைக்காமல் அயனியாகவே எஞ்சியவற்றை ஒரு காந்தம் ஒதுக்கித் தள்ளுகிறது. மிச்சமிருப்பது தூய நடுநிலைக் கற்றை. அது காந்தப் புலத்தைக் கடந்து பிளாஸ்மாவை அடைந்ததும் அங்குள்ள அயனிகளோடும் எலெக்ட்ரான்களோடும் மோதித் தன் எலெக்ட்ரானை இழக்கிறது. இழந்த அக்கணமே மீண்டும் அயனி. அக்கணமே காந்தத்தின் சிறைப்பட்டது.

வெந்நீர்ப் பானைக்குக் கீழே தீ மூட்டிக் காத்திருப்பது ஒரு வகை. கொதிநீரை எடுத்துத் தண்ணீரில் விளாவுவது இன்னொரு வகை. நடுநிலைக் கற்றை செய்வது இரண்டாவது வகை. வெளியே சாவதானமாகச் சூடேற்றிய துகளையே உள்ளே சேர்ப்பதால், கற்றை நெடுநேரம் பாயுமானால், உள்ளே முதலில் இருந்த குளிர்ந்த பிளாஸ்மா கற்றையின் துகள்களாலேயே மாற்றப்பட்டுவிடும்.

ஆனால் அன்பர்களே, உள்ளே விட்ட கதவு வெளியேயும் விடும் என்பதை மறக்கலாகாது. சுவரிலிருந்து கசியும் குளிர்ந்த வாயு பிளாஸ்மாவுக்குள் புகுந்தால், சூடான அயனி அதனிடமிருந்து எலெக்ட்ரானைப் பறித்துக்கொண்டு, நடுநிலை அணுவாகி, காந்தத்தை அலட்சியம் செய்து பறந்துவிடும். அரும்பாடுபட்டு உள்ளே சேர்த்த சக்தி சுவரில் போய் விழும். ஆகவே சுவர்களில் டைட்டேனியத்தைப் படியவைத்து, கசியும் வாயுவை அந்த உலோகமே உறிஞ்சிக்கொள்ளும்படி செய்தார்கள். பெரும் யந்திரங்களின் வெற்றி இத்தகைய சுத்தத்தில் அடங்கியிருக்கிறது.

இவற்றையெல்லாம் ஒருங்கே செய்து காட்டிய யந்திரம் கலிபோர்னியாவில் லிவர்மோர் ஆராய்ச்சிச் சாலையில் இருந்த டூ-எக்ஸ்-டூ-பி. அதற்கு முன்பே இரண்டு பெரிய இடையூறுகள் தெரிந்திருந்தன. சாதாரண ஆடியில் பிளாஸ்மா பக்கவாட்டில் பிதுங்கி ஓடியது. மாஸ்கோவில் இயோஃபே என்னும் விஞ்ஞானி 1960-களின் தொடக்கத்தில் கூடுதல் மின்கம்பிகளை அமைத்து, எத்திசையில் விலகினாலும் புலம் வலுக்கும்படி செய்து அதைத் தீர்த்துவிட்டார். மற்றொன்று நுட்பமானது. இழப்புக் கூம்பிலுள்ள துகள்கள் ஓடிவிடுவதால், எஞ்சிய பிளாஸ்மாவில் மந்தமான அயனிகளே இல்லாத ஒரு வெறுமை ஏற்படுகிறது. அந்த வெறுமையே பிளாஸ்மாவில் அதிர்வுகளை எழுப்பி, அடங்கியிருக்கும் துகள்களையும் கூம்புக்குள் தள்ளும் என்று போஸ்டும் ரோஸன்புளூத்தும் 1966-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். காந்த ஆடியின் குறை அதன் இயல்பிலேயே பிறந்தது என்றால் அதற்குப் பரிகாரம் ஏது?

1975-ஆம் ஆண்டு டூ-எக்ஸ்-டூ-பி-யில் பன்னிரண்டு நடுநிலைக் கற்றைகளைச் செலுத்தினார்கள். கணக்கு சொன்ன அதிர்வுகள் சொன்னபடியே எழுந்து பிளாஸ்மாவைக் குலைத்தன. அப்போது அவர்கள் கையாண்ட மருந்தைக் கேளுங்கள். முனைகளின் வழியே, காந்தக் கோட்டின் திசையில், குளிர்ந்த பிளாஸ்மாவை ஓடையாகப் பாயவிட்டார்கள். சூடான பிளாஸ்மாவைக் காக்கக் குளிர்ந்த பிளாஸ்மா! மந்த அயனிகள் இல்லாத வெறுமையை அந்த ஓடை நிரப்பியது. இயோஃபேயின் குழுவினர் ருஷ்யாவில் சிறிய அளவில் இதே உபாயத்தைக் காட்டியிருந்தார்கள். அதிர்வு அடங்கியது, அயனிகளின் சராசரிச் சக்தி பத்து கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியது, அதாவது பத்துக் கோடி டிகிரிக்கு மேல். விநாடியின் நூற்றிலொரு பங்கு அளவேயான காலத்துக்குத்தான். ஆனால் அந்தக் குறுகிய காலத்துக்குள் பிளாஸ்மாவின் அழுத்தம் அதை அடக்கும் காந்தப் புலத்தின் அழுத்தத்துக்கு ஏறக்குறைய நிகராக உயர்ந்தது. அன்றைய டோக்கமாக்குகள் கனவிலும் எட்டாத நிலை அது.

அப்படியானால் அடுத்த ஆண்டே மின் நிலையம் கட்டியிருக்கலாமே, ஏன் கட்டவில்லை? இரண்டு காரணங்கள். ஒன்று, அடைபட்ட அயனிகள் ஒன்றோடொன்று உரசித் திசை மாறி, மெல்ல மெல்லக் கூம்புக்குள் விழுந்துகொண்டே இருக்கின்றன. எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் தனி ஆடியொன்றில் இணைவினால் பிறக்கும் சக்தி, கற்றை கொண்டுவரும் சக்தியைவிட அதிகம் விஞ்சாது. இரண்டாவது காரணத்தை நான் ஆரம்பத்திலேயே குறிப்பிட்டேன். குளிர்ந்த ஓடை அதிர்வை அடக்கியது. கூடவே எலெக்ட்ரான்களையும் குளிரவைத்தது. அயனிகள் பத்துக் கோடி டிகிரியில் நிற்க, எலெக்ட்ரான்கள் அதில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கில் கிடந்தன. கற்றையின் அயனி அந்தக் குளிர்ந்த எலெக்ட்ரான் கூட்டத்தினூடே ஓடும்போது உராய்ந்து உராய்ந்து சக்தியை அவற்றிடம் இழக்கிறது; எலெக்ட்ரான்களோ பெற்றதைக் காந்தக் கோட்டின் வழியே கொண்டுபோய் முனைச் சுவரில் கொட்டுகின்றன. எலெக்ட்ரான்களின் உஷ்ணம் கூடினால் இந்த உராய்வு வெகு விரைவாகக் குறையும். எலெக்ட்ரான் நான்கு மடங்கு சூடானால் அயனியின் வேகம் நிலைக்கும் காலம் எட்டு மடங்காகும். நான்குக்கு எட்டு! இந்த ஒரு கணக்கில்தான் காந்த ஆடியின் எதிர்காலமே தங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

முதல் காரணத்துக்கு விடை 1976-77-இல் இரண்டு தேசங்களில் தனித்தனியே பிறந்தது. நோவோசிபிர்ஸ்க் நகரில் டீமொவும் அவருடைய சகாக்களும், லிவர்மோரில் ஃபௌலரும் லோகனும் சொன்ன யோசனை ஒன்றே. நீண்ட குழாயின் இரு முனைகளிலும் இரண்டு ஆடிகளை வைத்து, கற்றைகளை அந்த முனை ஆடிகளில் செலுத்தி, அங்கே அடர்ந்த சூடான பிளாஸ்மாவை ஆக்கவேண்டும். அடர்த்தி மிக்க இடத்தில் நேர்மின் அழுத்தம் உயரும். அந்த அழுத்தம், நடுக்குழாயிலிருந்து தப்ப வரும் அயனிகளை விலக்கித் திருப்பும். இரட்டை ஆடி என்று இதற்குப் பெயர் வழங்கிற்று. சூடேற்ற வந்த கற்றை இப்போது மின்சாரத்தாலான மதில் எழுப்பும் பணியையும் ஏற்றது. டி.எம்.எக்ஸ். என்னும் யந்திரம் அந்த மதில் எழுவது மெய்யே என்று லிவர்மோரில் நிரூபித்தது. ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகத்தின் காமா-10 அதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தது.

அந்த நம்பிக்கையில் லிவர்மோரில் எம்.எஃப்.டி.எஃப்.-பி என்னும் பிரம்மாண்டமான இரட்டை ஆடி எழுந்தது. 37 கோடியே 20 லட்சம் டாலர் செலவில், அதிமின்கடத்திக் காந்தங்களோடு, 1986-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது பூர்த்தியாயிற்று. பூர்த்தியான உடனேயே பணமில்லை என்று மூடிவிட்டார்கள். ஒரு நாள்கூட, ஒரு கற்றைகூட அதில் பாய்ந்ததில்லை. சபையோரே, ஒரு பரிசோதனை தோற்பது விஞ்ஞானத்துக்கு நஷ்டம் அன்று. தோல்வியும் ஒரு விடைதான். கேள்வியைக் கேட்க எல்லாச் சாதனமும் திரட்டி முடித்தபின், கேட்காமலே கலைந்து போவது பெரும் அநியாயம். டோக்கமாக்கே வெல்லும் என்று அன்று தீர்மானித்தவர்களுக்கு அதற்கான காரணங்கள் இருந்தன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டி முடித்த யந்திரத்தை ஓர் ஆண்டு ஓட்டிப் பார்க்கும் பொறுமை அவர்களுக்கு இல்லாமற் போனதை எண்ணும்தோறும் என் நெஞ்சு பொறுக்கவில்லை.

பொறுமை இருந்த இடம் நோவோசிபிர்ஸ்க். அங்கே புட்கர் பெயரால் விளங்கும் கழகத்தில், மிர்னொவும் ருயூதொவும் வகுத்த திட்டப்படி, வாயு இயக்கப் பொறி என்னும் யந்திரம் 1980-களின் நடுவிலிருந்து இயங்கிவருகிறது. ஏழு மீட்டர் நீளம். முனைப் புலம் நடுப் புலத்தைப் போல் முப்பது மடங்குக்கு மேல். இங்கே கற்றைகளை நடுவில் 45 பாகைச் சாய்வில் எய்கிறார்கள். நாம் முன்பு போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? 45 பாகையில் ஓடும் அயனி, புலம் இரண்டு மடங்காகும் இடத்தில் நின்று திரும்பும். முனையின் குறுகிய வாயை அது நெருங்குவதே இல்லை. திரும்பும் இடத்தில் அது அதிக நேரம் தங்குவதால் அங்கே வேக அயனிகள் திரள்கின்றன. இணைவினால் பிறக்கும் நியூட்ரான்களில் பெரும்பகுதி அவ்விரு இடங்களிலேயே பிறக்கிறது. வருங்கால இணைவு உலைகளுக்கான உலோகங்களை நியூட்ரான் மழையில் வைத்துச் சோதிக்க இதுவே தகுந்த சாதனம் என்று அவர்கள் வாதிடுவதன் அடிப்படை இதுதான். மேலும், இழப்புக் கூம்பை மெதுவாகக் கசியும் குளிர்ந்த பிளாஸ்மா தானே நிரப்பிவிடுவதால், 1966-இல் கணக்கிட்ட அந்த அதிர்வும் தலைகாட்டவில்லை.

எலெக்ட்ரான்களோ? நெடுங்காலம் அவை 250 எலெக்ட்ரான் வோல்ட் அளவிலேயே நின்றன. பிறகு, கற்றைகள் ஐந்து மெகாவாட் சக்தியைப் பாய்ச்சும் வேளையிலேயே, எலெக்ட்ரான்களின் சுழற்சிக்கு இசைந்த நுண்ணலைகளையும் செலுத்தினார்கள். 2015-இல் வெளியான அவர்கள் அறிக்கையின்படி அந்த எண் 660-க்கு உயர்ந்தது. சில முயற்சிகளில் 900-ஐயும் கடந்தது. காந்த ஆடியில் எலெக்ட்ரான்கள் என்றும் குளிர்ந்தேதான் கிடக்கும் என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த வாதம் அன்றோடு ஆட்டங்கண்டது. முனை வாய்க்கு அப்பால் காந்தக் கோடுகளை நன்றாக விரியவிட்டால், சுவரின் குளிர்ச்சி உள்ளே ஏறாது என்பதும் அங்கேயே தெளிவாயிற்று.

கற்றையின் கலையும் இதற்கிடையே வளர்ந்திருக்கிறது. நேர்மின் அயனி நூறு கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டி விரைந்தால், வாயு அறையில் எலெக்ட்ரானைப் பிடித்துக்கொள்வது அரிதாகிவிடுகிறது. ஆகவே, அதிகப்படியாக ஓர் எலெக்ட்ரானைச் சுமந்த எதிர்மின் அயனியை வேகப்படுத்தி, அதைப் பின்னர் உதிர்த்துவிடும் முறை வந்தது. பிடிப்பது கடினம், உதிர்ப்பது எளிது. பிரான்சில் எழும் ஈட்டர் யந்திரத்துக்கு இம்முறையில் பத்து லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் கற்றைகள் தயாராகின்றன. அதே யந்திரத்தின் பிளாஸ்மாவைப் பரிசோதித்து அறிவதற்கான நூறு கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கற்றையை அளிக்கும் பொறுப்பு நம் தேசத்தின் பங்கு. காந்திநகரத்துப் பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகத்தார் அதை ஏற்றிருக்கிறார்கள். நம் மாணவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இப்போது காந்த ஆடி அமெரிக்காவிலும் மீண்டும் எழுந்திருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வாம் என்னும் யந்திரம் 2024 ஜூலையில் முதல் பிளாஸ்மாவைக் கண்டது. புதுவகை அதிமின்கடத்தி நாடாவைச் சுற்றிச் செய்த அதன் முனைக் காந்தங்கள் 17 டெஸ்லா புலம் தருகின்றன. தமிழ்நாட்டு மண்ணில் நிலவும் பூமியின் காந்தப் புலத்தைப் போல் அது ஏறத்தாழ நான்கு லட்சம் மடங்கு. லிவர்மோரின் காலத்தில் இத்தகைய காந்தம் கிடையாது. முனை வலுக்க வலுக்கக் கூம்பு குறுகும். இது காந்தத்தின் வெற்றி. கற்றையும் அங்கே சாய்வாகவே பாய்கிறது. எலெக்ட்ரான்களுக்கு நுண்ணலையும் உண்டு. ஆகையால் அந்த யந்திரத்தைப் பற்றி நாளிதழில் செய்தி வரும்போது, அயனிகள் எத்தனை கோடி டிகிரியைத் தொட்டன என்பதைப் பின்னர்ப் படியுங்கள். எலெக்ட்ரான்கள் ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டி அங்கேயே நிலைத்து நின்றனவா என்பதை முதலில் தேடுங்கள். நிலைத்து நின்றன என்று ஒருநாள் வருமானால், நீளமான இரட்டை ஆடியைக் கட்டும் பேச்சை மீண்டும் எடுக்கலாம். இம்முறை அதை ஓட்டியும் பார்க்கவேண்டும்.